நாற்காலிச் சத்தம்

இரவுக் காட்சி விட்டு
அடித்தள பார்க்கிங்கின் சரிவில்
முந்நூறு வண்டிகள் நகராமல் உறும,
செலஸ்டின் ஹெல்மெட்டைக் கழற்றினான்:
"எழுபது பேர் வாசிச்சிருக்காங்க.
எனக்கு ஒரு வரி ஞாபகமில்ல."

வடபழனிப் புழுக்கம் கழுத்தில்.
டிக்கெட் விலை இன்னும் நெஞ்சில்.

நிலோஃபர் விடவில்லை.
"முணுமுணுக்கவா படத்துக்கு வந்தே?
அந்தப் பொம்பள பிணவறைக் கதவத் தள்ளுறப்ப
செல்லோ கீழ இறங்குச்சே,
என் முழங்காலுக்குள்ள இறங்குச்சுடா.
அதுக்கு மெட்டு எதுக்கு?"

"இறங்குறதுக்கு லிஃப்ட் போதும்."

தசரதன் ஆடிட்டர் ஆபீஸ்காரன்,
அழுதுகொண்டே கூடக் கூட்டிப் பார்ப்பான்.
இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடத்தில்
இசை வாயை மூடியது பதினொரு நிமிடம்.
ஹீரோ பல் தேய்க்கிறான்,
அதற்கும் நாலு ஹார்ன் எழுந்து நின்று
பற்பசைக்கு மரியாதை செய்கிறது.
"வெளிநாட்டுக்குப் பணம் கட்டியாச்சு,
ஊதித்தானே தீரணும்" என்றான்.

இவ்வளவு பேசும் செலஸ்டின்
பெரம்பூர் சர்ச்சில் ஞாயிறுதோறும் கீபோர்டு.
ஒற்றைப் பொத்தானில்
எழுபது வயலினை அமுக்கி எழுப்புகிறவன்.
அதை அப்போது யாரும் சொல்லவில்லை.
நட்பு என்பது சில நேரம் அவ்வளவுதான்.

நான் பல்செட் செய்பவன்.
சாலிகிராமத்து மாடியறையில்
பகலெல்லாம் அரைக்கும் எந்திரத்தின் ஒற்றைச் சுரம்.
தரம் பிரிக்கிற காது இல்லை எனக்கு.
ஆனாலும் ஓரிடம்:
தம்பியின் கடிதத்தை அவள் மடித்து வைத்ததும்
எழுபது பேரும் சட்டென நிறுத்துகிறார்கள்.
மூன்று விநாடி.
அதற்குள் எங்கோ ஒரு நாற்காலி
கிரீச்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். எச் வரிசை, அந்தக் குண்டு ஆளு."

"இல்ல, திரையிலேர்ந்து.
வலப்பக்கம். வயோலா உக்கார்ற பக்கம்."

"வயோலா எங்க உக்காரும்னு உனக்கு யார் சொன்னா?"

பின்னால் யாரோ ஹாரன் அடிக்க
பத்தடி நகர்ந்தோம்.
அந்தப் பத்தடி முழுக்க நாற்காலிதான்.

செவ்வாய்க்கிழமை காலைக் காட்சி.
நூற்றிருபது ரூபாய்,
ஒன்பது பேர், நடுக்கும் ஏசி.
யாரிடமும் சொல்லாமல் போயிருந்தேன்.
அன்றிரவு உட்கார்ந்த அதே இருக்கை.
இந்த முறை கதையை விட்டுவிட்டேன்;
எப்படியும் தம்பி வரப்போவதில்லை.

கேட்கக் கேட்கத்தான் பிடிபட்டது.
மேலே வயலின்கள் ஆர்ப்பாட்டமாகப் போக
அடியில் ஒரு மெட்டு,
மெட்ரோ பாலத்துக்குக் கீழே ஓடும் ஆட்டோ மாதிரி
தூணுக்குத் தூண்
தெரிந்தும் மறைந்தும்.
செலஸ்டின் தேடியது அதுவாக இருக்கலாம்.
பல் தேய்க்கும் இடத்தில் மட்டும்
தசரதன் சொன்னதுதான் சரி.
சிரித்துவிட்டேன்.
முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

கடிதம்.
மடிப்பு.
ஒன்று, இரண்டு...

கிரீச்.

எச் வரிசையில் ஒருவருமில்லை.
அதோடு அன்று கேட்காத இன்னொன்று:
வில் தந்தியில் விழுமுன்
யாரோ இழுத்த மூச்சு.
முகம் தெரியாத ஒருவர்
எந்த ஊர்க் குளிரிலோ உட்கார்ந்து
எங்கள் வடபழனித் தம்பிக்காக
இழுத்த மூச்சு.

சாயங்காலம் நாலு பேருக்கும் பொதுவாகப் போன் போட்டேன்.

"சொன்னேன்ல!" நிலோஃபர்.

"மூச்சா?" தசரதன் செருமினான்.
"இப்பல்லாம் அதுவும் விலைக்கு வருது தம்பி.
நாற்காலி, இருமல், பக்கம் புரட்டுறது,
எல்லாம் தனித்தனியா ரெக்கார்டு பண்ணி விக்கிறான்.
மனுஷன் இருந்தான்னு காட்ட."

யாரும் பேசவில்லை.
என் பக்கம் எந்திரம் சுழன்றுகொண்டிருந்தது.
கையில் யாருக்கோ கீழ்வரிசைப் பற்கள்.

வெகு நேரம் கழித்து செலஸ்டின் கேட்டான்:
"எத்தனாவது நிமிஷத்துல?"

"இன்டர்வலுக்கு அப்புறம் இருபத்தி மூணு."

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்றேன்.
போலாம்."

ஞாயிறுவரை படம் தாங்குமா
என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.